‘பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ – நேர்காணலில் இந்தக் கேள்விக்குத் தயாராவது எப்படி

2022இல், நான்கு ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலை தேடக் கிளம்பினேன். மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது, சின்னவனுக்கு ஒன்றரை. ஆறு நேர்காணல்களுக்குப் போனேன். ஐந்தில் ஒரே கேள்வி: “பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?” நான்காவது இடத்தில் மட்டும் கேட்கவில்லை. அங்கே என்னைக் கேள்வி கேட்டவர், ஐந்தே முக்கால் ஆனதும் கடிகாரத்தைப் பார்த்தார். மகனைப் பாலர் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

முதல் நேர்காணல் சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில், ஒரு சரக்கு நிறுவனத்தில். கப்பல் சரக்குக்கான ஆவணங்களைத் தயாரிப்பது என் தொழில். பிள்ளை பிறக்கும்வரை பத்து ஆண்டுகள் செய்தது. அதைப் பற்றி அரை மணி நேரம் நன்றாகவே பேசினேன். பிறகு அந்த மேலாளர், நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். அம்மா ஈசூனில் இருக்கிறார், ஆனால் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு படி ஏற முடிவதில்லை. மாமியார் மலேசியாவின் ஜோகூர் பாருவில், பாலத்தைத் தாண்டி வர வேண்டும். கணவருக்கு விமான நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. இல்லப் பணிப்பெண் வைத்துக்கொள்ளலாம் என்றால் வீட்டில் அறை இல்லை. சின்னவனுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. “கஷ்டம்தான்” என்றார். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. வேலை கிடைக்கவில்லை.

செங்காங் எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்வியைத் தேக்கா சந்தையில் யாரோ ஓர் அக்கா கேட்டதுபோல நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். நம்மவர்களிடையே அது நலம் விசாரிக்கும் கேள்வி. கீரை வாங்கும் இடத்தில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள் கேட்பார்கள். நாமும் முழங்கால் முதல் மூக்குச்சளி வரை ஒன்று விடாமல் சொல்வோம். சொல்லாவிட்டால்தான் மரியாதைக் குறைவு. மேலாளரின் கவலை வேறு. பதினொரு மணிக்குள் அனுப்ப வேண்டிய சுங்க பெர்மிட் பாதியில் நிற்கிறது, பத்தரைக்கு உங்கள் கைப்பேசி அடிக்கிறது, அப்புறம் என் கதி என்ன? அவர் வாயில் வந்தது பிள்ளை, மனத்தில் இருந்தது பெர்மிட். நான் பிள்ளைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பெர்மிட்டுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அதை எப்படிச் சொல்வது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஐந்து நேர்காணல்கள் ஆயின. உங்களுக்கு அத்தனை ஆக வேண்டாம்.

கேட்கலாமா, கூடாதா?

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். மனிதவள அமைச்சு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்று தரப்பும் சேர்ந்து வகுத்த வேலை நியமன வழிகாட்டி நெறிமுறைகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. மணமானவரா, எத்தனை பிள்ளைகள் என்பன போன்ற, வேலைக்குத் தொடர்பில்லாத விவரங்களை விண்ணப்பப் படிவத்தில் கேட்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. வயது, இனம், சமயம் ஆகியவற்றோடு கர்ப்பம், மணநிலை, குடும்பத்தாரைப் பராமரிக்கும் பொறுப்பு ஆகியவற்றுக்காகவும் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது அது. நடைமுறைக்குக் கொண்டுவர 2027 இறுதியை இலக்காக வைத்திருக்கிறார்கள். 25க்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. நான் ஏறி இறங்கிய ஆறு அலுவலகங்களில் மூன்று அந்த அளவில் அடங்கிவிடும்.

இந்தச் சட்டம் முக்கியமாகப் பிடிப்பது முடிவைத்தான். பிள்ளை இருப்பதால் உங்களை எடுக்கவில்லை என்றால் தவறு. ஆனால் அப்படி யாரும் கடிதத்தில் எழுதித் தரப் போவதில்லை. நேர்காணல் மேசையில் நெறிமுறையை ஒப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்பித்து வேலை வாங்கிய ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. கேள்வி எல்லை மீறினால், வெளியே வந்ததும் மின்தூக்கி வாசலிலேயே நின்று தேதி, நேரம், கேட்டவர் யார், என்ன சொற்களில் கேட்டார் என்று கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, நியாயமான வேலை நடைமுறைகளைக் கவனிக்கும் டஃபெப் அமைப்பிடம் முறையிட நினைத்தால் அந்தக் குறிப்புதான் உதவும். நான் முறையிடவில்லை. அன்றைக்கு எனக்கு வேலைதான் வேண்டியிருந்தது. முறையிட்டிருக்கலாமோ என்று இப்போதும் சில நாள் தோன்றும்.

படிவத்தில் ‘பிள்ளைகளின் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் இருந்தால் கோடு போட்டுவிட்டுப் போங்கள். பூஜ்யம் என்று எழுதாதீர்கள். கோடு போட்டதற்காக யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள். பொய் எழுதியதற்காகப் பிடிப்பார்கள்.

எட்டு நாள் கணக்கு

இரண்டாவது நேர்காணலில் சுருக்கமாகச் சொல்லிப் பார்த்தேன். “எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டேன், கவலை வேண்டாம்.”

“என்ன ஏற்பாடு?” என்றார் எதிரே இருந்த பெண்மணி.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏற்பாடு ஒன்றும் இல்லை என்பதுதான் உண்மை. பிள்ளைகள் இருவரையும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்திருந்தேன், அவ்வளவுதான். நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் யார் போவது என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமலே முடிவாகிவிட்ட விஷயம் அது: நான்தான் போவேன்.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கியதும் கணவரை உட்கார வைத்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். அவருக்கு இரண்டு நாள் பகல் ஷிஃப்ட், இரண்டு நாள் இரவு ஷிஃப்ட், நான்கு நாள் ஓய்வு. எட்டு நாளுக்கு ஒருமுறை சக்கரம் சுற்றி வரும். பகல் ஷிஃப்ட் என்றால் காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத்தான் வருவார். இரவு ஷிஃப்ட் என்றால் பகலில் தூங்குவார். எழுப்பினால் எழுந்துவிடுவார், முணுமுணுப்போடு. மீதி நான்கு நாளும் வீட்டில். கூட்டிப் பார்த்தால் எட்டு நாளில் இரண்டே நாள்தான் பகலில் ஆள் இல்லை. நான்கு ஆண்டுகளாக ‘அவருக்கு ஷிஃப்ட், என்னால் எப்படி வேலைக்குப் போக முடியும்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். தாளில் போட்ட பிறகு, எட்டரை முதல் ஆறு வரை அலுவலகத்தில் இருக்கும் கணவர் அமைந்த என் தோழிகளைவிட என் நிலைமை எவ்வளவோ மேல் என்று தெரிந்தது.

இரண்டு நாளைச் சிவப்பு மையில் வட்டமிட்டோம். மறுநாள் எதிர்வீட்டு மலாய் அம்மாவிடம், மக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், போய் நின்றேன். பிள்ளையை நிலையத்திலிருந்து அழைத்து வந்து, நான் வரும்வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். சரி என்றார், நோன்பு மாதத்தில் மாலை வேளை மட்டும் வேண்டாம் என்றார். இப்படி ஒரு நிபந்தனையோடு சரி சொல்பவரைத்தான் நம்பலாம். ‘எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து விடு’ என்பவர்கள் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார்கள். பிறகு நிலையத்துக்குப் போய், பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை அவரை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போய்க் காட்டினேன். இந்தப் பட்டியலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெயர் இல்லாதவரிடம் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், நீங்கள் தொலைபேசியில் எவ்வளவு கெஞ்சினாலும்.

கை, கால், வாய்ப்புண் நோய் வந்தால் மக்சிக்கிடமும் விட முடியாது. அவர் வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்கள். நிலையத்திலும் குணமாகும்வரை சேர்க்க மாட்டார்கள். அதற்கு அம்மா. ஈசூனிலிருந்து டாக்சியில் வந்துவிடுவதாகச் சொன்னார். “படி ஏற முடியாதே அம்மா?” என்றேன். “உங்கள் புளோக்கில் ஏதடி படி? மின்தூக்கி உன் வாசலில்தானே நிற்கிறது” என்றார். முதல் நேர்காணலில் அந்த மேலாளரிடம் அத்தனை உருக்கமாக நான் சொன்ன முழங்கால் கதையின் கதி அது.

அடுத்து விடுப்பு. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர் என்றால், தாய்க்கு ஆண்டுக்கு 6 நாள், தகப்பனுக்கு 6 நாள், சம்பளத்துடன் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு. முதல் 3 நாளுக்கு முதலாளி கொடுக்கிறார், அடுத்த 3 நாளுக்கு அரசாங்கம் ஒரு வரம்புக்குள் ஈடு செய்கிறது. பிள்ளைகள் எத்தனை பேர் என்றாலும் அதே 6 தான். இதில் ஒரு குழி இருக்கிறது. புது வேலையில் 3 மாதம் முடிந்த பிறகுதான் இந்த விடுப்பு உங்களுக்கு உரிமையாகும். சட்டப்படியான வருடாந்திர விடுப்பும் அப்படித்தான். முதலாளி உங்களை எடை போட்டுப் பார்க்கும் அந்த மூன்று மாதமும் உங்கள் கையில் ஒரு நாள்கூட இல்லை. நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோ முதல் சில மாதம்தான் மாற்றி மாற்றிக் காய்ச்சலில் படுப்பார்கள்.

நாங்கள் செய்தது இது. கணவருடைய 6 நாளையும் என் முதல் மூன்று மாதத்துக்கென்று தொடாமல் எடுத்து வைத்தோம். சின்னவனை, நான் வேலை தேடத் தொடங்கிய மாதமே நிலையத்தில் சேர்த்திருந்தோம். வர வேண்டிய காய்ச்சலெல்லாம் நான் வீட்டில் இருக்கும்போதே வந்து போகட்டும் என்று. வேலை செய்யும் தாய்க்கான அடிப்படை மானியம் பெற மாதம் 56 மணி நேரமாவது வேலை இருக்க வேண்டும்; எனக்கு இல்லை. அதனால் அந்த மாதங்களில் எங்கள் பையிலிருந்து அதிகம் போயிற்று. வலித்தது. ஆனாலும் அந்தப் பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை.

கடைசியாக, வேலையே இல்லாமல் வேலைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7.05க்குப் பிள்ளைகளை விட்டேன். எல்ஆர்டி, செங்காங்கில் வடக்கு-கிழக்கு ரயில், சிராங்கூனில் வட்டப் பாதைக்கு மாறி பாய லேபாரில் இறங்கியபோது 8.02. நான் விண்ணப்பித்த அலுவலகங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஒரு காப்பி குடித்துவிட்டு, மாலை நெரிசலில் மறுபடி போய் நின்று, திரும்பும் வழியையும் அளந்தேன்: வாசலிலிருந்து வாசலுக்கு 70 நிமிடம். நிலையம் 7 மணிக்கு மூடுகிறது. அப்படியென்றால் 5.45க்கு நான் நாற்காலியை விட்டு எழுந்தாக வேண்டும், அழைத்து வர வேறு ஆள் இல்லாத நாளில். இந்த எண் தெரியாமல் “தாமதமாக இருக்க முடியுமா?” என்ற கேள்விக்கு நேர்மையான பதிலே கிடையாது. உங்கள் எண்ணை நீங்கள் அளந்துகொள்ளுங்கள். கைப்பேசி வரைபடம் சொல்லும் நேரத்தை நம்பாதீர்கள். அதற்குத் தள்ளுவண்டியும் தெரியாது, காலணியைக் கழற்றி எறியும் பிள்ளையும் தெரியாது.

மேசையில் சொல்வது

நேர்காணல் ஆங்கிலத்தில்தான் நடக்கும். நான் பதிலைத் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். தமிழில் எழுதினால் எந்த இடத்தில் புலம்பல் நுழைகிறது என்று நமக்கே கேட்டுவிடும்.

கடைசியில் வந்து நின்ற பதில் இது: “இருவரும் முழுநாள் நிலையத்தில் இருக்கிறார்கள். காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தே முக்கால் வரை எனக்கு எந்தத் தடையும் இல்லை. நிலையத்திலிருந்து திடீரென்று அழைத்தால் எட்டு நாளில் ஆறு நாள் என் கணவர் போவார்; மற்ற இரண்டு நாளுக்கும் ஆள் வைத்திருக்கிறேன்.”

பதினைந்து நொடி. அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது. நமக்கு இதுதான் கஷ்டம். எதிரே இருப்பவர் தலையாட்டிக்கொண்டு அமைதியாக இருப்பார். அந்த அமைதியை நிரப்ப முழங்கால் ஓடிவரும். விடாதீர்கள். கூடுதலாகச் சொல்லும் ஒவ்வொரு விவரத்திலிருந்தும் இன்னொரு கேள்வி முளைக்கும்.

வீட்டு ஏற்பாட்டைச் சொல்லவே விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. “வேலை நேரம் முழுவதும் என்னால் இருக்க முடியும். தாமதமாக இருக்க வேண்டிய நாட்கள் மாதத்தில் எத்தனை வரும்?” என்று பேச்சை வேலைப் பக்கம் திருப்பிவிடலாம். மூன்றாவது நேர்காணலில் அப்படிச் செய்தேன். அவர் புன்னகையோடு அதே கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்டார். எனக்கு எண்களைச் சொல்வதே வசதியாக இருக்கிறது. உங்களுக்கு எது சரிவரும் என்பது உங்கள் குணத்தைப் பொறுத்தது.

அதே மூன்றாவது இடத்தில்தான் “இன்னொன்று பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா?” என்றும் கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே “இரண்டே போதும்” என்றேன். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க என்மேல் எனக்கே எரிச்சல். முன்பின் தெரியாத ஒருவரிடம் எதற்காக அந்த வாக்கைக் கொடுத்தேன்? இன்று யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன்: “அது நாங்கள் வீட்டில் பேசிக்கொள்ளும் விஷயம். இந்த இடத்துக்கு வருபவர் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? அதற்குப் பதில் சொல்கிறேன்.” இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 16 வார மகப்பேற்று விடுப்பில், முதல் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் முதல் 8 வாரச் சம்பளம் முதலாளியின் தலையில். மூன்றாவது பிள்ளையிலிருந்து 16 வாரத்தையும் அரசாங்கமே வரம்புக்குள் ஈடு செய்கிறது. அவர் பயந்தது காசுக்காக என்றால், என் விஷயத்தில் அந்தப் பயத்துக்கே வேலை இல்லை.

ஐந்தாவது இடத்தில் மேலாளர் தமிழர், என் அப்பா வயது. பேச்சு ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் என்று வந்ததும் தமிழுக்குத் தாவினார். “சின்னவன் இன்னும் கைப்பிள்ளையாயிற்றே அம்மா, இப்போது என்ன அவசரம்?” அன்பான குரல்தான். இந்த இடத்தில்தான் மிகவும் கவனம் வேண்டும். தமிழில் கேட்டால் நாக்கு தானாக அவிழ்ந்துவிடும், ஒரே நிமிடத்தில் அவர் மாமாவாகவும் நீங்கள் மருமகளாகவும் ஆகிவிடுவீர்கள். “கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், சார்” என்று ஒரே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். அது மரியாதைக் குறைவில்லை. அவரும் மறுபடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

காய்ச்சல் கேள்விக்கு ஆள் ஏற்பாடு மட்டும் போதாது. என்னதான் கட்டம் போட்டாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் நீங்களே போயாக வேண்டி வரும், அது கேட்பவருக்கும் தெரியும். அன்று வேலை எப்படி நிற்காமல் போகும் என்று சொல்லுங்கள். என் பழைய அலுவலகத்தில், தினமும் காலை பத்து மணிக்கு, அன்று கிளம்பும் சரக்குகளை ஒரே பக்கத்தில் எழுதிப் பொதுக் கோப்பில் போடுவேன்: எந்தக் கப்பல், கடைசி நேரம் எது, பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் டிரேட்நெட் இணையத்தளத்தில் எந்த பெர்மிட் போய்விட்டது, எது நிற்கிறது, வாடிக்கையாளரிடம் யாரிடம் பேச வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்து, என் பக்கத்து மேசைக்காரர் நான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆறாவது நேர்காணலில் இதைச் சொன்னபோது அந்த அம்மாள் முதல்முறையாகப் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். உங்கள் வேலையில் இதற்கு நிகரான ஒன்று கட்டாயம் இருக்கும். வீட்டுத் தாளோடு அதையும் யோசித்து வையுங்கள்.

தாமதமாக இருப்பது பற்றி: எந்தெந்த நாள் முடியும், எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். “எப்போதும் முடியும்” என்று சொல்லிச் சேர்ந்த என் தோழி இரண்டாவது வாரமே மாட்டிக்கொண்டாள்.

நான்கு ஆண்டு இடைவெளியைப் பற்றிக் கேட்டால் ஒரு வாக்கியம் போதும். பிள்ளைகளுக்காக வீட்டில் இருந்தேன், இப்போது திரும்புகிறேன்.

நீங்களும் கேட்க வேண்டும். நான் எப்போதும் சிபாரிசு செய்யும் கேள்வி: “இந்த வேலையை இதற்கு முன் பார்த்தவர் வழக்கமாக எத்தனை மணிக்குக் கிளம்புவார்?” வேலை நேரம் என்ன என்று கேட்டால் கடிதத்தில் இருப்பதைச் சொல்வார்கள். இப்படிக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நொடியிலேயே பதில் வந்துவிடும். நீக்குப்போக்கான வேலை நேரம் வேண்டுமென்றால் அதையும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேசிவிடுவது நல்லது. 2024 டிசம்பர் 1இல் நடப்புக்கு வந்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, முறைப்படி விண்ணப்பித்தால் முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஆனால் அது தகுதிகாண் காலத்தை முடித்தவர்களுக்கு. வாசலில் நிற்பவருக்கு இல்லை.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து

இப்போது ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவுக்கு நான் பொறுப்பு. ஆள் எடுக்கும்போது நானும் உட்காருகிறேன். முதல்முறை உட்கார்ந்தபோது, வந்தவளுக்கு இரண்டு வயதில் பிள்ளை இருப்பது தெரிந்து என் வாய்க்குள்ளேயும் அதே கேள்வி வந்து நின்றது. மென்று விழுங்கினேன். எல்லோரிடமும் இப்போது ஒரே மாதிரி கேட்கிறேன், ஆண் பெண் பார்க்காமல்: “எட்டரை முதல் ஆறு வரை வேலை. மாதக் கடைசியில் இரண்டு நாள் எட்டு மணி வரை ஆகும். உங்களால் முடியுமா? எந்த நாள் கடினம்?” பெர்மிட்டுக்குத் தேவையான பதில் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

நான் வேலை தேடிய அதே ஆண்டு என் கணவரும் வேறு வேலைக்கு ஒரு நேர்காணலுக்குப் போய் வந்தார். அதே இரண்டு பிள்ளைகள், அதே வீடு. “உங்களிடம் கேட்டார்களா?” என்றேன். “எதை?” என்றார்.

2025 ஏப்ரல் 1 முதல் தந்தையருக்கான விடுப்பு 4 வாரம். போன ஆண்டு ஓர் இளைஞர் நேர்காணலுக்கு வந்து, புதன்கிழமைகளில் மகளை அழைத்து வருவது தன் பொறுப்பு, அன்று ஆறு மணிக்கு மேல் இருக்க முடியாது என்று தானாகவே சொன்னார். நான் கேட்கவில்லை. அவர் எட்டு வார்த்தைக்கு மேல் விளக்கவும் இல்லை. ஆண்கள் இப்படிச் சொல்லச் சொல்ல, நம்மிடம் கேட்பதன் வேகம் குறையும் என்பது என் எண்ணம். அவரை எடுத்துக்கொண்டோம். புதன்கிழமை ஆறு அடித்தால் எழுந்துவிடுவார்.

நேர்காணல் நாளன்று

அந்த நாளையே ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் நிலையத்தில் விடும்போது, இன்று முதலில் அழைக்க வேண்டியது கணவருடைய எண்ணை என்று ஆசிரியையிடம் நேரில் சொல்லுங்கள். படிவத்தில் தாயின் எண்தான் முதலில் இருக்கும், அவர்கள் பழக்கத்தில் அதையே அழுத்துவார்கள். ஈரத் துடைப்பான், பாதி பிஸ்கட், சின்னக் காலுறை எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சான்றிதழை எடுக்கும்போது கூடவே வரும். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைக்காதீர்கள். அது ஒருமுறை அதிர்ந்தால் உங்கள் கண் போகும், உங்கள் கண்ணோடு அவர் கண்ணும் போகும். ஒலியை நிறுத்திப் பையின் அடியில் போடுங்கள்.

ஆறாவது நேர்காணலன்று அப்படித்தான் செய்தேன். ஐம்பது நிமிடம். அந்த அம்மாள் மூன்று முறை சுற்றிச் சுற்றிக் காய்ச்சல் கேள்வியைக் கேட்டார். எட்டு நாள் கணக்கைச் சொன்னேன், காலைப் பக்கத்தைச் சொன்னேன். வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கைப்பேசியை எடுத்துப் பார்த்தால், கணவரிடமிருந்து மூன்று செய்திகள்.

10.40: நிலையத்திலிருந்து அழைத்தார்கள். சின்னவனுக்கு 38.1. நான் போகிறேன்.

11.05: வீட்டுக்கு வந்துவிட்டோம். நீ அழைக்க வேண்டாம்.

11.30: கஞ்சி குடித்துவிட்டான். உப்புப் போட மறந்துவிட்டேன்.